கேட்டில் பூட்டிய செல்போனும் சம்பளத்தில் பிடித்த ஐநூறும்

கேள்வி: எனக்கு வீடு நாகூரில். காரைக்காலில் சரக்கு கையாளும் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். சம்பளம் 16,000 ரூபாய். ஏறக்குறைய நாற்பது பேர் இருக்கிறோம். மூன்று மாதத்துக்கு முன் திடீரென்று ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். எங்கள் சொந்த போனில் கம்பெனி ஆப்பைப் போட்டு, முகத்தைக் காட்டி வருகையைப் பதிய வேண்டும். பிறகு போனை வாட்ச்மேனிடம் இருக்கும் பெட்டியில் வைத்துவிட வேண்டும். மீறினால் 500 ரூபாய் அபராதம். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த தகவல் எனக்கு மூன்று மணி நேரம் கழித்துத்தான் வந்தது. அந்தப் பயத்தில் மறுவாரம் போனைப் பையிலேயே வைத்திருந்தேன். சம்பளத்தில் 500 பிடித்துவிட்டார்கள். "நேற்று சாயங்காலம் வாஞ்சூரில் ஏன் இறங்கினீர்கள்?" என்று மேலாளர் கேட்டபோதுதான், வேலை முடிந்த பிறகும் அந்த ஆப் நாங்கள் போகும் இடத்தைக் காட்டுகிறது என்று தெரிந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப்பைத் திறந்து வைத்திருந்தேன். போனஸ் பற்றித் தோழிக்கு எழுதியதைப் பிரின்ட் எடுத்து விளக்கம் கேட்கிறார்கள். இப்போது "எல்லாவிதக் கண்காணிப்புக்கும் சம்மதம்" என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். பாரிஸில் இருக்கும் பெரியப்பா மகன், "இங்கே இப்படிச் செய்தால் கம்பெனியையே இழுத்து மூடிவிடுவார்கள்" என்கிறான். இது அந்தரங்க உரிமை மீறல்தானே? உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாமா?

— வாசகி, நாகூர்

பதில்: உயர் நீதிமன்றம் இருக்கட்டும். முதலில் அந்த மாதச் சம்பளச் சீட்டை எடுத்து வையுங்கள். நீங்கள் எழுதியிருப்பவற்றில் உங்கள் நிறுவனம் சட்டத்திடம் வசமாக மாட்டியிருப்பது அந்த 500 ரூபாயில்தான்.

முதலாளி நினைத்த மாத்திரத்தில் ஊழியருக்கு அபராதம் போட முடியாது. முன்பு 1936ஆம் ஆண்டின் ஊதிய வழங்கல் சட்டம் இதைச் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, 19ஆம் பிரிவில் அதையே சொல்கிறது. எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்ற பட்டியலுக்கு அரசின் அல்லது அதற்கென உள்ள அதிகாரியின் முன் ஒப்புதல் வேண்டும். அந்தப் பட்டியலை வேலையிடத்தில் ஒட்ட வேண்டும். அபராதம் போடும் முன் உங்களிடம் விளக்கம் கேட்க வேண்டும். ஒரு சம்பள காலத்தில் மொத்த அபராதம் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அபராதம் விதித்து 90 நாள் போய்விட்டால் பிறகு பிடிக்க முடியாது. பிடித்த பணத்தையும் கம்பெனி தன் கல்லாவில் போட்டுக்கொள்ள முடியாது. தனிப் பதிவேட்டில் எழுதி, ஊழியர் நலனுக்காக அங்கீகரிக்கப்பட்ட காரியங்களுக்கு மட்டுமே செலவிட வேண்டும்.

உங்கள் கணக்குக்கு வருவோம். 16,000 ரூபாயில் 3 சதவீதம் 480. பிடித்தது 500. சம்பளத்தை வீட்டு வாடகைப்படி, பயணப்படி என்று பிரித்துக் காட்டியிருந்தால் வரம்பு 480க்கும் கீழே இறங்கலாம். இருபது ரூபாய் சின்ன விஷயம்தான். ஆனால் முன் ஒப்புதல் இல்லை என்றால் முழுத் தொகையும் சட்டவிரோதப் பிடித்தம். நாற்பது பேர் வேலை செய்யும் நிறுவனம் அபராதப் பட்டியலுக்கு ஒப்புதல் வாங்கி வைத்திருப்பதை நான் இதுவரை பார்த்ததில்லை. 45ஆம் பிரிவின்படி மூன்று வருடத்துக்குள் இதற்கு மனுப் போடலாம். பிடித்த தொகை போக, அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு கொடுக்கச் சொல்லவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அபராதம் கட்டிய மற்றவர்களும் சேர்ந்து கொடுத்தால் நிர்வாகம் பேசும் தொனியே மாறும்.

போனைப் பெட்டியில் வைக்கச் சொன்னது தப்பா என்றால், அதையே தப்பு என்று சொல்ல மாட்டேன். இதில் நீதிமன்றம் எந்தப் பக்கம் சாயும் என்பதை 2022 மார்ச் மாதத்துச் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளைத் தீர்ப்பில் பார்க்கலாம். திருச்சியில் சுகாதாரத் துறைப் பணிமனைக் கண்காணிப்பாளர் ஒருவர், அலுவலகத்தில் சக ஊழியர்களை வீடியோ எடுத்தார் என்று தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். அதை எதிர்த்து வந்த வழக்கில் நீதிபதி எஸ்.எம்.சுப்பிரமணியம், அலுவலக நேரத்தில் அரசு ஊழியர்கள் சொந்தக் காரியத்துக்குச் செல்போன் பயன்படுத்துவதைத் தடுக்க விதிமுறை வகுக்கும்படி தமிழ்நாடு அரசுக்கு உத்தரவிட்டார். அவசரம் என்றால் மேலதிகாரியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பேசலாம் என்பதும் அதில் உண்டு. அந்த உத்தரவு தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களுக்கானது. காரைக்காலில் உள்ள தனியார் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் புதுச்சேரிக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான் உயர் நீதிமன்றம். வேலை நேரத்தில் போன் என் உரிமை என்று அங்கே போய் நின்றால் என்ன பதில் வரும் என்று இதிலிருந்தே தெரிகிறது அல்லவா?

தடை விதித்த முறையில் மட்டும் ஓட்டை இருக்கிறது. தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின் 40ஆம் பிரிவும் மூன்றாம் அட்டவணையும், புதிதாக ஒழுங்கு விதி கொண்டுவரவோ நெடுநாள் வழக்கத்தை மாற்றவோ தொழிலாளர்களுக்கு நோட்டீஸ் கொடுத்து 21 நாள் பொறுக்க வேண்டும் என்கின்றன. இன்று ஒட்டி நாளை அமலாக்குவது செல்லாது. கணக்கு எழுதும் வேலை எழுத்தர் வேலை; எனவே நீங்கள் 'தொழிலாளி'தான். 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களும்தான் அந்த வரையறைக்கு வெளியே போகிறார்கள். இதை வைத்து நிரந்தரமாகத் தடையை உடைத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். முறைப்படி நோட்டீஸ் கொடுத்துவிட்டு மறுபடி கொண்டுவருவார்கள். உங்களுக்கு வேண்டியது அம்மாவின் செய்தி உடனே வந்து சேர ஒரு வழி. அலுவலக லேண்ட்லைன் எண்ணை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் கொடுக்க அனுமதியும், அழைப்பு வந்தால் உடனே உங்களிடம் சொல்வதற்கு ஒரு ஆளும் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அதை மறுத்தால் மறுத்தவர் பெயரோடு ஒரு காகிதம் உங்கள் கையில் இருக்கும்.

இனி ஆப். இதில் இரண்டு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. இயந்திரத்தில் வருகை பதியச் சொல்வது சட்டவிரோதம் அல்ல. ஒடிசாவில் கணக்காயர் அலுவலக ஊழியர்கள், எங்களைக் கேட்காமல் பயோமெட்ரிக் கொண்டுவந்தார்கள் என்று வழக்காடினார்கள். கலந்து பேசவில்லை என்பதற்காக மட்டும் அது சட்டவிரோதமாகிவிடாது என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அது அலுவலகச் சுவரில் இருக்கும் இயந்திரம். உங்கள் காசில் வாங்கிய போன், சாயங்காலம், வாஞ்சூரில், நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதைச் சொல்லிக் கொடுப்பது வேறு. வேலை நேரம் முடிந்த பிறகு நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள் என்று கேட்க மேலாளருக்கு எந்த வேலையும் இல்லை.

சட்டம் இங்கே அரைகுறையாகத்தான் துணை நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த விதிகள், பயோமெட்ரிக் விவரங்களை நுண்ணுணர்வுத் தகவல் என்று வகைப்படுத்தி, அவற்றை வாங்க எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கின்றன. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் வழி தருகின்றன. உங்கள் முகப்பதிவு இதில் வரும் என்று வாதிடலாம். இருப்பிடத் தகவல் அந்தப் பட்டியலிலேயே இல்லை. 2023இல் நிறைவேறிய மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருப்பிடத்தையும் உள்ளடக்கும். அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தாலும், முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் கொடுத்திருப்பதால் 2027 மே மாதம் வரை பொறுத்திருக்க வேண்டும். அப்போதும் 7ஆம் பிரிவு முதலாளிக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: வேலை தொடர்பான காரியத்துக்கும், நிறுவனத்துக்கு நஷ்டம் வராமல் தடுக்கவும் ஊழியரின் தகவலைச் சம்மதம் இல்லாமலே பயன்படுத்தலாம். இந்தப் பிரிவை எழுதியவர்கள் முதலாளிமார் சொன்னதைத்தான் அதிகம் கேட்டார்கள் என்பது என் கருத்து. இருந்தாலும் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியை 'வேலை தொடர்பான காரியம்' என்று காட்டுவது கஷ்டம்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. போன் அமைப்புகளில் அந்த ஆப்பின் பெயரைத் தொட்டு, அனுமதிகளில் 'இருப்பிடம்' என்பதைத் திறந்து பாருங்கள். 'எப்போதும் அனுமதி' என்று இருக்கும். அதை 'ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். காலையிலும் மாலையிலும் பதிவு நடக்கும். ஆப் இயங்காத நேரத்தில் இருப்பிடம் போகாது. மாற்றியதை மறைக்கவும் வேண்டாம். வேலை நேர வருகைக்கு இது போதும் என்று மின்னஞ்சலில் ஒரு வரி எழுதிவிடுங்கள். போதாது என்றால் நிறுவனமே ஒரு போன் வாங்கித் தரட்டும், அல்லது வாசலில் இயந்திரம் வைக்கட்டும்.

வாட்ஸ்அப் விஷயத்தில் உங்கள் பக்கம் பலம் குறைவு. கம்ப்யூட்டர் அவர்களுடையது. அனுமதியின்றி ஒருவரின் கணினிக்குள் நுழைவதைத் தடுக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஆம் பிரிவு, கணினியின் சொந்தக்காரரிடம் அனுமதி வாங்கினாயா என்றுதான் கேட்கிறது. வாட்ச்மேனிடம் இருக்கும் பெட்டியைத் திறந்து உங்கள் போனை யாராவது நோண்டினால், அப்போது அதே பிரிவு முழுதாக உங்களுக்கு உதவும். திருட்டுத்தனமாக எடுத்த சாட்சியம் செல்லாது என்ற நம்பிக்கையும் வேண்டாம். மனைவியின் அழைப்பு விவரங்களைத் தெரியாமல் எடுத்த வழக்கில் 2024இல் மதுரைக் கிளை அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் 2025 ஜூலையில் இன்னொரு கணவன்-மனைவி வழக்கில் உச்ச நீதிமன்றம் ரகசிய ஒலிப்பதிவைச் சாட்சியமாக ஏற்றுக்கொண்டது.

அதனால் வாதத்தை வேறு இடத்தில் வையுங்கள். எப்படிப் படித்தீர்கள் என்று சண்டை போடாமல், படித்ததில் என்ன தப்பு என்று கேளுங்கள். போனஸ் பற்றித் தோழியிடம் பேசுவது ஒழுங்கீனம் ஆகாது. விளக்கக் கடிதத்தில் நான்கு வரி போதும்: எழுதியது நான்தான், சொந்த உரையாடல், கம்பெனி ரகசியம் எதுவும் இல்லை, எந்த விதியை மீறினேன் என்று சொல்லவும். மன்னிப்புக் கேட்டு எழுதித் தராதீர்கள். நாளைக்கு விசாரணை என்று வந்தால் அந்தக் காகிதம்தான் குற்ற ஒப்புதல் ஆகும். இன்றைக்கே அந்தக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப்பை வெளியேற்றிவிடுங்கள். உங்கள் போனிலேயே 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தில் அதைச் செய்யலாம்.

பாரிஸில் இருக்கும் உங்கள் பெரியப்பா மகன் சொல்வதில் பாதி சரி. பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001 அக்டோபர் 2 அன்று நிகான் நிறுவன வழக்கில், அலுவலகக் கணினியில் இருந்தாலும், சொந்தப் பயன்பாட்டை முதலாளி தடை செய்திருந்தாலும், ஊழியரின் சொந்தக் கடிதங்களை அவர் படிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பின்னால் வந்த தீர்ப்புகள், 'சொந்தம்' என்று குறிக்காத கோப்பெல்லாம் அலுவலகத்துடையது என்று அதைக் குறுக்கின. 2024 டிசம்பரில், ஊழியர்களின் திரையை அடிக்கடி படம் பிடித்து, கை அசையாத நிமிடங்களைக் கணக்கெடுத்து, கேமராவில் பேச்சையும் பதிந்த ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனத்துக்கு அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 40,000 யூரோ அபராதம் போட்டது. இழுத்து மூடவில்லை. எப்படியானாலும் காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து 1954இல் கைமாறி 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இந்தியாவோடு இணைந்துவிட்டது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவரே ஆனாலும் இங்கே வேலை செய்தால் இந்தியத் தொழிலாளர் சட்டம்தான்.

அந்தரங்க உரிமை என்ன ஆயிற்று என்பீர்கள். 2017 ஆகஸ்ட் 24இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அதை அடிப்படை உரிமை என்றார்கள். அந்த வழக்கு அரசுக்கு எதிரானது. தனியாருக்கு எதிராகவும் இத்தகைய உரிமையைக் கேட்கலாம் என்று 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். ஆக, ரிட் மனுவுக்கு இடம் இருக்கிறது. ஆனால் தொழிலாளர் துறையில் பரிகாரம் இருக்கும்போது ஏன் இங்கே வந்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வியாக வரும். 500 ரூபாய்க்காகச் சென்னைக்கு அலைய வேண்டாம். கழிப்பறையிலோ உடை மாற்றும் இடத்திலோ கேமரா வைத்தால் மட்டும் கதை வேறு. அது பாரதிய நியாய சன்ஹிதா 77, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ ஆகியவற்றின் கீழ் குற்றம். அன்றே போலீஸ் நிலையம் போங்கள்.

சம்மதப் படிவத்தைப் பொறுத்தவரை, கையெழுத்து போட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் அதன் கீழே உங்கள் கைப்பட எழுதுங்கள்: "படிவத்தைப் பெற்றுக்கொண்டேன். வேலை நேரத்தில் நிறுவனத்தின் கருவிகளைக் கண்காணிக்க ஆட்சேபம் இல்லை. என் சொந்த போனுக்கும் வேலை நேரத்துக்கு வெளியிலும் சம்மதம் இல்லை." தேதியும் போட்டு, கொடுக்கும் முன் நகல் எடுத்து வையுங்கள்.

கடைசியாக, மனுவை எங்கே கொடுப்பது? வீடு நாகூரில் இருக்கிறது என்று நாகப்பட்டினத்துக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேலையிடம்தான் கணக்கு, காரைக்காலில் உள்ள புதுச்சேரி அரசின் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குப் பதிவு, சுற்றறிக்கையின் படம், வேலை நியமனக் கடிதம் ஆகியவற்றைக் கையில் வையுங்கள். மனுவின் இன்னொரு பிரதியில் தேதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். இதைப் படிக்கும் ஓ.என்.ஜி.சி. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஒரு வார்த்தை: எண்ணெய் வயலுக்கு உரிய அரசு மத்திய அரசு. ஆகவே உங்கள் மனு மத்தியத் தொழிலாளர் ஆணையர் அமைப்பின் அதிகாரிக்குப் போக வேண்டும், புதுச்சேரித் துறைக்கு அல்ல.