குழாயை வெட்டும் முன் கம்ப்யூட்டரைக் கேளுங்கள்!

எங்கள் ஊர் மானாம்பதி. அப்பாவுக்குச் சென்னை எஃப்.எம். 101.4 கேட்க வேண்டும். எங்கள் வீட்டு ரேடியோவிலோ இரைச்சல்தான் அதிகம். மாடியில் ஆன்டெனா வைக்க 10 மி.மீ. தடிமனில் ஓர் அலுமினியக் குழாய் வாங்கினேன். தப்பாக வெட்டினால் காசு வீண். எனவே முதலில் கம்ப்யூட்டரிலேயே சோதித்தேன்.

இதற்கு உதவியது 'எக்ஸ்நெக்2சி' என்ற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். உபுண்டு லினக்ஸில் எக்ஸ், என், இ, சி, 2, சி என்ற எழுத்துகளைச் சேர்த்து டைப் செய்து தேடினால் கிடைக்கும். இலவசம்தான். இதன் அடிப்படையான 'நெக்-2' புரோகிராம், 1981-ல் அமெரிக்கக் கடற்படைக்காக லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் உருவானது. கம்பியைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஓடும் மின்சாரத்தைக் கணக்கிட்டு, அதிலிருந்து மின்காந்தப் புலத்தைக் கண்டுபிடிக்கும்.

முதலில் கையால் கணக்குப் போடுங்கள். 300-ஐ 101.4-ஆல் வகுத்தால் அலைநீளம் 2.96 மீட்டர். பாதி 1.48. நடைமுறையில் இதில் சுமார் 5 சதவீதம் குறைக்க வேண்டும், 1.41 மீட்டர்.

இனி எடிட்டரில் ஒரு கம்பியை அமையுங்கள். ஒய் அச்சில் ஒரு முனை -0.705, மறுமுனை 0.705, மற்ற அச்சுகள் 0. துண்டுகள் 21. ஒற்றைப்படை எண் கொடுத்தால்தான் நடுவில் ஒரு துண்டு அமையும். சிக்னல் கொடுக்கும் இடமாக 11-வது துண்டைக் குறிப்பிடுங்கள். அதிர்வெண் 101.4. ஆரம் 0.005. நான் இங்கேதான் சறுக்கினேன். 5 மி.மீ. என்று நினைத்து வெறும் 5 என்று டைப் செய்துவிட்டேன்! எல்லா அளவும் மீட்டரில் என்பதால், என் குழாய் வீட்டைவிடப் பருமனாகிவிட்டது. வந்த விடையும் அர்த்தமில்லாமல் இருந்தது. கையால் போட்ட கணக்கு இருந்ததால்தான் தப்பைப் பிடித்தேன்.

சரிசெய்து ரன் செய்ததும், மின்தடை சுமார் 70 ஓம் என்று காட்டியது. டி.டி.எச். கேபிள் 75 ஓம் என்பதால் நன்றாகப் பொருந்தும். நீளத்தை 1.48 ஆக்கிப் பாருங்கள். ரியாக்டன்ஸ் சுமார் 40 ஓம் ஏறிவிடும். 1.41-ல் அது பூஜ்யத்தை நெருங்கும்.

அடுத்து கதிர்வீச்சுப் படத்தைத் திறந்தால், மெதுவடை போல ஓர் உருவம் வரும். ஓட்டையில் செருகிய குச்சிதான் நம் குழாய். குச்சியின் இரு முனைகள் நோக்கும் திசையில் சிக்னல் கிடைக்காது! சென்னை எங்களுக்கு வடகிழக்கு. எனவே முனைகள் வடமேற்கும் தென்கிழக்கும் பார்க்கும்படி குறுக்காக வைத்தேன்.

சுவரையும் மரங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆகவே பொருத்திய பிறகு சற்றுத் திருப்பிப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். ஒரு முக்கிய எச்சரிக்கை: மின்கம்பிக்கு அருகில் ஆன்டெனாவைத் தூக்காதீர்கள், இடி மின்னல் நேரத்தில் தொடாதீர்கள்.

இப்போது அப்பா இரைச்சல் இல்லாமல் ரேடியோ கேட்கிறார். குழாயை ஒரே தடவைதான் வெட்டினேன். நீங்களும் செய்து பாருங்களேன்!