சன்னல் வைத்த சின்னப் புத்தகம்



இந்த மாதம் கைவேலைப் பாடம். ஒரே ஒரு ஏ4 தாளில் எட்டுப் பக்கப் புத்தகம் செய்து, அதில் சன்னல்கள் வெட்டப் போகிறோம். பிரிக்பீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முறைதான் இது. பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் செய்யலாம். கத்தி பிடிக்கும்போது மட்டும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கணும்.

இது அழகுக்கு மட்டும் செய்யும் புத்தகம் இல்லை. ஒவ்வொரு சன்னலுக்குப் பின்னாலும் ஓர் இடம் இருக்கும். அந்த இடத்தைப் பற்றி உங்கள் தாத்தாவோ பாட்டியோ சொன்னது எதிர்ப்பக்கத்தில் இருக்கும். அவர்களிடம் உட்கார்ந்து கேட்டால்தான் புத்தகம் நிறையும்.

தேவையானவை

கொஞ்சம் தடித்த ஏ4 தாள் ஒன்று (120 கிராம் தாள் நல்லது), பென்சில், இரும்பு அடிக்கோல், கத்தரி, பென்நைஃப், அடியில் வைக்கப் பழைய தடித்த அட்டை, பசை, வண்ணத்தாள்.

மடிப்பது

1. தாளை நீளவாட்டில் பாதியாக மடித்து விரியுங்கள்.

2. அடுத்து அகலவாட்டில் பாதியாக மடித்து விரியுங்கள். இரண்டு ஓரங்களையும் நடுக்கோடு வரை மடித்து மறுபடி விரியுங்கள். இப்போது எட்டுக் கட்டங்கள் தெரியும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 74 மில்லிமீட்டர் அகலம், 105 மில்லிமீட்டர் உயரம்.

3. அகலவாட்டில் மறுபடி பாதியாக மடியுங்கள். மடிப்பு இருக்கும் பக்கத்திலிருந்து, நடுக்கோட்டின் மேலேயே, ஒரு கட்டத்தின் அகலத்துக்கு மட்டும் கத்தரியால் வெட்டுங்கள். அதைத் தாண்டி வெட்டிடாதீங்க.

4. விரித்து, நீளவாட்டில் மடித்து, இரண்டு முனைகளையும் பிடித்து உள்ளே தள்ளுங்கள். நடுவில் உள்ள வெட்டு வாய் திறந்து, தாள் கூட்டல் குறி மாதிரி நிற்கும். அதைச் சுற்றி மடித்தால் புத்தகம். மடிப்புகளைக் கரண்டியின் பின்புறத்தால் அழுத்தித் தேயுங்கள்.

இப்போதே பென்சிலால் 1 முதல் 8 வரை பக்க எண் போடுங்கள். பிறகு தாளை முழுசா விரியுங்கள். சில எண்கள் தலைகீழாகத் தெரியும். அது சரிதான். அந்தப் பக்கங்களில் சன்னலையும் எண் நிற்கும் திசையிலேயே வரையணும்.

சன்னல் வெட்டுவது

1, 3, 5, 7 ஆகிய பக்கங்களில் சன்னல் வரும். 40 மில்லிமீட்டர் அகலம், 60 மில்லிமீட்டர் உயரம் போதும். மடிப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் போனால் தாள் கிழியும். தாளை விரித்து வைத்தே வெட்டுங்கள். கத்தியை உடம்பு பக்கம் இழுக்கும்போது இன்னொரு கை அதன் வழியில் இருக்கக்கூடாது.

முதல் முறை எல்லாப் பிள்ளைகளும் 'ஓம்' வெட்டத்தான் ஆசைப்படுவார்கள். வெட்டி முடித்ததும், "அக்கா, நடுவுல உள்ளது விழுந்திருச்சு!" என்று ஒரு குரல் கேட்கும். ஓகாரத்தில் ஒரு சுழி இருக்கிறது. அதைச் சுற்றி முழுதாக வெட்டினால் உள்ளே இருக்கும் துண்டைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அதனால் சுழிக்கும் வெளித்தாளுக்கும் இடையில் 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு பாலம் விடணும். எதை வெட்டப் போகிறோம் என்பதைவிட, எதை விடப் போகிறோம் என்று முதலில் பாருங்கள். விடப்போகும் இடத்தைப் பென்சிலால் கறுப்பாக்கிவிட்டு வெட்டினால் தப்பாது.

வட இந்தியாவில் மதுரா, பிருந்தாவனம் பகுதியில் சாஞ்ஜி என்று ஒரு காகித வெட்டுக் கலை உண்டு. கிருஷ்ண லீலைக் காட்சிகளை மெல்லிய கத்தரியால் தாளில் வெட்டி, தாளைத் தரையில் வைத்து வண்ணப்பொடி தூவுவார்கள். தாளை எடுத்தால் ஓவியம் தரையில் இருக்கும். பித்ரு பட்ச நாள்களில் அங்குள்ள கோயில்களில் இது நடக்கும். மாடு, மரம், மயில் எல்லாம் ஒரே தாளில் கழன்று விழாமல் நிற்பது இதே பாலத்தால்தான். 2010 டெல்லி காமன்வெல்த் விளையாட்டின் சின்னப் படங்களுக்கும் சாஞ்ஜிதான் மாதிரி.

நமக்கு மூன்று எளிய வடிவங்கள் போதும்.

கடைவீட்டுச் சன்னல்: பழைய கடைவீடுகளின் மாடியில் இருக்கும் பலகைச் சன்னல். குறுக்கே நீளமான பட்டைகளாக வெட்டி, இடையே 3 மில்லிமீட்டர் விடுங்கள்.

விளக்கு மாடம்: வளைவு ஒன்று வரைந்து, உள்ளே அகல் விளக்கு. விளக்கின் அடி கீழ் ஓரத்தோடும், சுடர் விளக்கோடும் ஒட்டியிருக்கணும்.

கோலப்பூ: நான்கு இதழ்களைத் தனித்தனியாக வெட்டுங்கள். நடுவைத் தொடாதீங்க.

வெட்டி முடித்ததும் புத்தகத்தை மறுபடி மடியுங்கள். ஒவ்வொரு ஏடும் இரண்டு அடுக்காக, பை மாதிரி இருக்கும். வண்ணத்தாளில் படம் வரைந்து அதற்குள் நுழைத்தால் சன்னல் வழியாகத் தெரியும். திறந்திருக்கும் ஓரத்தில் மட்டும் பசை தடவுங்கள்.

என்ன எழுதுவது?

நம் ஊரே நல்ல பாடம். 1881ல் கோலாலம்பூரில் தீயும் வெள்ளமும் வந்த பிறகு, கூரை வீடுகளுக்குப் பதிலாகச் செங்கல் கட்டடம் கட்டச் சொன்னார்கள். அதற்குச் செங்கல் சூளை போட்ட இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். இப்போது கேஎல் சென்ட்ரல் நிற்கும் நிலம் முன்பு ரயில்வே யார்டு. நிலையம் திறந்தது 2001ல். ஜாலான் துன் சம்பந்தனுக்கு மேலே மோனோரயில் ஓடத் தொடங்கியது 2003ல். இதையெல்லாம் எங்கேயும் படிக்கலாம்.

ஆனால் யார்டில் இரவு வேலை முடிந்து தாத்தா எந்த வழியாக வீட்டுக்கு நடந்தார், தைப்பூசத்துக்குப் பாட்டி யாரோடு பத்துமலைக்குப் போனார் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் தினமும் கேஎல் சென்ட்ரலில்தான் ரயில் மாறுவான். அவன் தாத்தா அதே நிலத்தில் வேலை செய்தவர் என்பது இந்தப் புத்தகத்துக்காகக் கேட்டபோதுதான் அவனுக்குத் தெரிந்தது. தாத்தாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. "ஏன் முன்னயே சொல்லல?" என்று கேட்டானாம். "நீ கேக்கலியேப்பா" என்றாராம்.

வீட்டுப் பாடம்

தாத்தா பாட்டியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். சின்ன வயசுல எந்த வீட்டுல இருந்தீங்க? முதல் வேலை என்ன? எந்தக் கோயிலுக்கு, யாரோட போவீங்க? அவர்கள் சொன்னதை அவர்கள் பேச்சிலேயே 2, 4, 6ஆம் பக்கங்களில் எழுதுங்கள். அந்தந்த இடத்தை எதிர்ப்பக்கத்துச் சன்னலுக்குள் வரையுங்கள். அட்டைச் சன்னலில் அவர்கள் பெயர், 8ஆம் பக்கத்தில் உங்கள் பெயரும் தேதியும்.

தாத்தா பாட்டி இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்கலாம். வெளியூரில் இருந்தால் போனில் கேளுங்கள். செய்து முடித்ததை முதலில் அவர்கள் கையில் கொடுத்துப் படித்துக் காட்டிவிட்டு, பிறகு வகுப்புக்கு எடுத்து வாங்க.