கணக்கு நோட்டு உன் கையில்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. ஆடிக் கடைசிச் செவ்வாய் அம்மன் கோயில் கொடை என்று நாள் குறித்துவிட்டார்கள், வரிக் கணக்கு எழுத உன்னைக் கேட்டிருக்கிறார்கள் என்று அக்கா போனில் சொன்னாள். அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. நம் கோயில் நோட்டு இதுவரை ஒரு பெண்பிள்ளை கைக்கு வந்ததில்லை. தயங்காமல் ஒத்துக்கொள்.

கொடை முடிந்த அந்த வாரமே சனிக்கிழமை ஆகஸ்ட் 15, கிராம சபை. ஊராட்சிச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவர், மாமா அதைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைப்பாய். நான் இரண்டையும் சேர்த்தே பேசப்போகிறேன். கோயில் வாசலில் நம் ஜனங்கள் பழகி வைத்திருக்கிற ஒரு நல்ல பழக்கத்தைக் கிராம சபைக்குக் கொண்டுபோக உன் வயதுப் பிள்ளைகளால்தான் முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் வரி. தலைக்கட்டுக்கு எவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானதும் உன் வேலை தொடங்கிவிடும். வாங்கிய இடத்திலேயே ரசீது எழுதிக் கொடு. வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு ரூபாயைக்கூட மனதில் வைத்துக்கொள்ளாதே. மும்பையிலும் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிற வரிக்காரர்கள் இப்போது ஜிபேயில் அனுப்பிவிடுகிறார்கள். அதற்குத் தனிப் பக்கம் போடு. ரசீதைப் படமெடுத்து அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடு. வெளியூரில் இருப்பவனுக்கு அந்தச் சின்னத் தாள்தான் ஊரில் தனக்கும் ஒரு இடம் உண்டென்பதற்குச் சாட்சி. பாக்கி வைத்தவர்கள் பெயரை மைக்கில் வாசிக்கிற வழக்கத்தை மட்டும் இந்த வருஷத்தோடு நிறுத்தச் சொல். இல்லாதவனை ஊர் முன்னால் கூசவைத்து வாங்குகிற காசு அம்மனுக்கு வேண்டாம்.

புருஷன் இல்லாத வீடுகளை நினைத்துத்தான் எனக்குக் கவலை. அந்த வீடுகளுக்கு வரி கிடையாது என்பது பல ஊர்களில் உள்ள வழக்கம், நம் ஊரிலும் அப்படித்தான். இரக்கத்தில் வந்த வழக்கம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வரி வாங்காத வீட்டை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. படைப்புச் சோறு பங்கு வைக்கும்போது அந்த வாசல் விட்டுப்போகிறது. கணக்கு வாசிக்கிற அன்று அந்த வீட்டிலிருந்து ஒரு குரல் வராது. நீ ஒவ்வொரு வீடாகப் போய்க் கேள். சிலர் முழு வரி தருவார்கள், சிலர் பாதி, சிலரால் முடியாது. முடியாதவர்கள் பெயரையும் நோட்டில் எழுது. வரியில்லை என்று எழுதினாலும் பெயர் இருக்கட்டும். ஒரு பெண்பிள்ளை நோட்டோடு படியேறி வந்தால் அவர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். ஆண்கள் எழுதிய காலத்தில் இந்த விஷயம் எங்கள் கண்ணில் சரியாகப் படவேயில்லை.

அடுத்தது செலவு. கால்நாட்டுக்கு முன்பே இளவட்டங்கள் ஆடல்பாடல் வேண்டும் என்று நிற்பார்கள். பெரியவர்கள் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் போதும் என்பார்கள். பணத்தைப் பிரிக்கிற பேச்சு வரும்போது வில்லுக்கு ஒதுக்கியதைக் குறைக்க விடாதே. திங்கள் இரவு குடியழைப்பிலிருந்து செவ்வாய் மதியக்கொடை, சாமக்கொடை வரை அந்தப் பாட்டில்தான் சாமி இறங்குகிறது. குடமும் உடுக்கும் ஜால்ராவும் கட்டையும் சேர்ந்து வேகம் எடுக்கும்போது சாமியாடியின் உடம்பு நடுங்குவதைச் சின்ன வயதில் என் மடியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். கணியான் கூத்தில் மகுடம் அடிக்கிறவர்களுக்கும், பெண்வேடம் கட்டி ஆடுகிறவர்களுக்கும், அண்ணாவிக்கும் தங்க ஒரு நல்ல இடம், குளிக்கத் தண்ணீர், வேளைக்குச் சோறு எல்லாம் நீயே முன்னின்று பார். பேசிய பணத்தை அவர்கள் வண்டி ஏறுவதற்கு முன் எண்ணிக் கொடுத்துவிடு. அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கலைஞர்களை அலையவிடுவது நம் பக்கத்தில் சாதாரணமாகிவிட்டது. கையில் நோட்டு இருக்கிறவள் நினைத்தால் அதை நிறுத்தலாம்.

வில்லுக்காரர்களிடம் இந்த முறை முத்துப்பட்டன் கதையையும் பாடச் சொல்லிக் கேட்டுப் பார். பிராமணக் குலத்தில் பிறந்தவன், செருப்புத் தைக்கிற வீட்டுப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவர் மேலும் ஆசைப்படுகிறான். பெண்ணைப் பெற்றவர் போடுகிற நிபந்தனைப்படி பூணூலை அறுத்தெறிந்து, தோல் வேலை கற்று, செருப்புத் தைத்துக் காட்டிய பிறகே கல்யாணம். பிறகு கிடை மாட்டைக் களவாட வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். பாபநாசம் மலையில் சொரிமுத்தையனார் கோயிலில் அவன்தான் பட்டவராயன். நேர்ந்துகொண்டவர்கள் இன்றைக்கும் அந்தச் சன்னதியில் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டிவைக்கிறார்கள். ஆடி அமாவாசைக்கு நம் ஊரிலிருந்து எத்தனை வேன் அங்கே போகிறது! செருப்பைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வருகிற அதே ஆட்கள், தெற்குத் தெருப் பையன் தங்கள் தெருவில் செருப்புப் போட்டு நடந்தால் முறைத்துப் பார்த்த காலத்தை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அது முற்றிலும் போய்விட்டது என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொற்பொழிவு கேட்காத நம் ஜனங்கள் வில்லில் வருகிற கதையை விடிய விடியக் கேட்பார்கள். பிள்ளைகளை முன்வரிசையில் உட்காரவை.

பனியன் விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். கொடைக்குப் பையன்கள் ஒரே நிறத்தில் பனியன் அடிக்கிறார்கள், பேனர் வைக்கிறார்கள். கேட்டால் சந்தோஷத்துக்கு என்பார்கள். அந்த நிறம் எந்தச் சாதிக்கு அடையாளம் என்று அவர்களுக்கும் தெரியும், எதிர்த் தெருவுக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவன் தன் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டான். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் கூடப் படித்த பிள்ளைகள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் கையில் நிறக்கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்றே பரிந்துரைத்தது. கையில் கட்டுகிற கயிறே வேண்டாம் என்று நீதிபதி சொல்லும்போது, ஊர்ப் பணத்தில் பனியன் எதற்கு? அந்தச் செலவுக்கு நோட்டில் இடம் கொடுக்காதே. உன்மேல் கோபப்படுவார்கள், படட்டும். நான் உன் பக்கம் நிற்பேன், உன் அப்பாவும் நிற்பார், அவரிடம் பேசிவிட்டேன்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். புதன்கிழமை மஞ்சள் நீராட்டெல்லாம் ஓய்ந்த பிறகு கோயில் வாசலில் கணக்கு வாசிப்பார்கள். எலுமிச்சம்பழம் எத்தனை, ஒன்று என்ன விலை, பூமாலை போன வருஷத்தைவிட ஏன் கூடிப்போயிற்று, பந்தல்காரருக்குப் பேசியது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு என்று கேள்வி வந்துகொண்டே இருக்கும். எழுத்து வாசனை இல்லாத கிழவர்கூட எழுந்து நின்று கேட்பார். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை, அவர் வரியும் அதில் இருக்கிறது. நம் ஜனங்களுக்குக் கணக்குக் கேட்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் அந்த வாசலில் கொண்டுவந்து உட்காரவைக்க வேண்டும்.

அதே கிழவர் கிராம சபைக்கு வந்து, தெருவிளக்கு பல்பு என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. நான் வேலை பார்த்த ஊராட்சிகளிலும் இப்படித்தான் இருந்தது. அது சர்க்கார் பணம், நமக்கென்ன என்று மனதில் படிந்துவிட்டது. வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் நாம் நேராகக் கட்டுகிறோம். மாநில நிதிக்குழு மானியமும் மத்திய நிதிக்குழு மானியமும் நாம் கடையில் சோப்பு வாங்கும்போது கட்டுகிற வரியிலிருந்து வருகின்றன. கொடை வரியைப் போலத்தான் அதுவும், தலைக்குத் தலை நம் பணம்.

1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம் கிராம சபைக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் கொடுத்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லோரும் அதன் உறுப்பினர். தலைவரும் வார்டு உறுப்பினர்களும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாறுவார்கள், கிராம சபை கலைவதே இல்லை. நம் மாநிலத்தில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு முறை கூடிக்கொண்டிருந்தது. 2022 முதல் மார்ச் 22ஐயும் நவம்பர் 1ஐயும் சேர்த்து ஆறாக்கினார்கள். ஜனத்தொகை 501 முதல் 3,000 வரை இருக்கிற நம்மைப் போன்ற ஊராட்சிக்கு 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். கொடைக்கு ஒரு பந்திக்கே அதைவிட அதிகம் பேர் உட்காருவார்கள்.

கிராம சபைக்குப் போனதும் படிவம் 30 எங்கே என்று பார். ஊராட்சியின் வரவு செலவு அதில்தான் இருக்கும், எல்லோரும் பார்க்கிற மாதிரி பேனராக வைக்க வேண்டும். உன் பி.காம் கண்ணுக்கு அது பத்து நிமிஷ வேலை. புரியாத வரியைக் கேள். கேள்வியை ஊராட்சித் தலைவியம்மாவைப் பார்த்துக் கேள். பக்கத்தில் நின்று அவர் வீட்டுக்காரர் பதில் சொல்ல வந்தால், பணிவாக, 'அக்கா சொல்லட்டும் அண்ணே' என்று சொல். ஊராட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் செய்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தவர் வாய் திறக்க, கூட்டத்தில் இருக்கிற பெண்கள் அவரைப் பார்த்துப் பேசினாலே பாதி தைரியம் வந்துவிடும். இன்னொன்று, தீர்மானத்தை வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடு. வெறும் தாளில் முதலில் கையெழுத்து, தீர்மானம் பிறகு என்பது பல ஊர்களில் நடக்கிறது. ஊராட்சி வேலைக்கு வந்த பெண்களை அப்படியே கூட்டிவந்து வரிசையில் நிறுத்திக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவார்கள். நீ அவர்களோடு உட்கார்ந்து, வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடச் சொல்.

கோயில் வாசல் கூட்டத்துக்கும் கிராம சபைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கொடை நம் வகையறாவின் கொடை. தெற்குத் தெரு ஆட்கள் மேளத்துக்கும் பந்தலுக்கும் வருவார்கள், கணக்குக் கேட்க மாட்டார்கள். கிராம சபையில் அவர்களும் நாமும் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார வேண்டும். இது சும்மா வந்த காரியமில்லை. மதுரைப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகவே 1996 முதல் பத்து வருஷம் தேர்தலை ஒழுங்காக நடத்தவிடவில்லை. 2006இல்தான் அங்கே தலைவர்கள் நிலையாகப் பொறுப்பேற்றார்கள். 2021 அக்டோபர் 2இல் அப்போதைய முதலமைச்சர் பாப்பாபட்டிக்கே போய் கிராம சபையில் உட்கார்ந்தார். மேலவளவில் தலைவராக ஜெயித்த முருகேசனை 1997 ஜூனில் ஓடும் பஸ்ஸை மறித்து, கூட வந்தவர்களோடு வெட்டிக் கொன்றார்கள். அத்தனை விலை கொடுத்துக் கிடைத்த ஜமுக்காளம் அது, அதில் போய் உட்காராமல் இருக்க நமக்கு உரிமை இல்லை.

கூட்டத்தை ஒரே இடத்தில் வைக்காமல் சுழற்சி முறையில் வைக்க வேண்டும், மதச் சார்புள்ள வளாகத்தில் நடத்தக் கூடாது என்று அரசு ஒவ்வொரு முறையும் சுற்றறிக்கை அனுப்புகிறது. நம் ஊரில் வழக்கமாக எங்கே கூடுகிறார்கள் என்று உனக்குத் தெரியும். இந்த முறை தெற்குத் தெரு அங்கன்வாடி முற்றத்தில் வைக்கக் கேட்டு, உன் தோழிகள் நாலைந்து பேர் கையெழுத்தோடு ஒரு மனு எழுதிக் கொடு. மனுவில் இரண்டு வரி போதும்.

முதல் முறையே பத்து கோரிக்கை வைக்காதே. ஒன்றை எடுத்துக்கொள். 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஊராட்சி நூலகம் கட்டினார்கள். நம் ஊரில் அந்தக் கட்டடம் பூட்டியே கிடக்கிறது என்று அக்கா சொல்கிறாள். போட்டித் தேர்வுக்குப் படிக்க நீங்கள் ஏழெட்டுப் பேர் பஸ் ஏறி டவுனுக்குப் போகிறீர்கள். சாவி யாரிடம், திறக்க என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் திறப்பீர்கள் என்ற மூன்றையும் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல். அக்டோபர் 2இல் மறுபடி போய், அந்தத் தீர்மானம் என்ன ஆயிற்று என்று கேள். இரண்டாவது முறை கேட்கிறபோதுதான் இந்தப் பெண் விடமாட்டாள் என்று அவர்களுக்கு உறைக்கும்.

கொடையில் மிச்சம் விழுந்தால் அதிலிருந்து நூலகத்துக்கு நாலு நாற்காலியும் ஒரு மின்விசிறியும் வாங்கலாமா என்று கணக்கு வாசிக்கிற அன்றே கேட்டுப் பார். கோயில் பணத்தை எல்லாத் தெருப் பிள்ளைகளும் உட்காருகிற இடத்துக்குக் கொடுப்பதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். திருப்பணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் சண்டை போடாதே. அடுத்த வருஷம் மறுபடி கேள். நோட்டு உன்னிடம்தான் இருக்கும், சரியாக எழுதுகிற கையை நம் ஊர் லேசில் மாற்றாது.

நானும் அத்தையும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வந்துவிடுவோம், சனிக்கிழமை கூட்டம் முடிந்துதான் திரும்புவோம். எங்கள் வீட்டு வரியை ஜிபேயில் அனுப்புகிறேன், ரசீதை அத்தை பெயரில் போடு. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னால் அறிவிப்பு ஒட்ட வேண்டும். கால்நாட்டு முடிந்த அந்த வாரக் கடைசியில் ஊராட்சி அலுவலகச் சுவரைப் பார்த்து, இடமும் நேரமும் என்ன போட்டிருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
மாமா