சட்டைக் கையின் ஓரம் தைத்தல்

பிள்ளைக்கு வாங்கிய பள்ளிச் சட்டையின் அரைக்கை முழங்கையைத் தாண்டித் தொங்கினால், தாய்மார்கள் அதனை வெட்டிவிடக் கூடாது. பிள்ளை வளரும், துணி மீண்டும் தேவைப்படும்.

பருத்தித் துணி சுருங்கக்கூடுமாதலால் சட்டையை முதலில் துவைத்து உலர்த்துக. பழைய ஓரத் தையலைப் பிரித்து, விளிம்பை 1 சென்டிமீட்டரும், பின்னர் வேண்டிய அளவும் உட்புறம் மடித்து இஸ்திரி போடவேண்டும்.

இங்கேதான் பலர் தவறுகின்றனர். கை கீழே குறுகுவதால், மேலேறிய விளிம்பு அவ்விடத்துச் சுற்றளவுக்குப் போதாது; இழுத்துத் தைத்தால் சுருக்கம் விழும். மடிப்புக்குள் அடங்கும் பகுதியில் மட்டும் அக்குள் பக்கத் தையலைப் பிரித்து, விளிம்பை நோக்கிச் சற்று அகலமாகத் தைத்துக்கொள்ளுக.

சட்டையை உட்புறம் திருப்பாமல், தையல் இயந்திரத்தின் பாதம் கையின் உள்ளே இருக்குமாறு வைத்துச் சுற்றித் தைக்கவேண்டும். இல்லையேல் மறுபக்கத் துணியும் ஊசியில் அகப்படும். தையல் சற்று நீளமாக இருப்பின் அடுத்த ஆண்டு பிரிப்பது எளிது.