ஆடு, முயல், கோழி முதலியவற்றின் தோற்காயங்களும் இயற்கை மருந்துகளும்

கண்டி நகரைச் சூழ்ந்த தலாத்துஓயா, கலஹா, ஹேவாஹெட்ட முதலிய மலைச்சாரல்களில் மரக்கறி பயிரிடுவோரும், பள்ளத்தாக்கு வயல்களில் நெல் விளைவிப்போரும், வீட்டின் அருகே இரண்டு மூன்று ஆடுகளையோ, சில முயல்களையோ, ஊர்க்கோழிகளையோ வளர்த்து வருதல் வழக்கம். விதையும் உரமும் வாங்கப் பணம் முட்டுப்பட்ட வேளையிலும், பிள்ளைகளின் பாடசாலைச் செலவு வந்து நின்ற வேளையிலும் கைகொடுப்பவை இச்சிறு பிராணிகளே. ஆயினும் அவற்றின் உடம்பில் உண்டாகும் சிறு காயத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. மூன்று நாள் கவனியாது விடப்பட்ட விரலளவுக் காயம் ஒரு நல்ல பாலாட்டைக் கொன்றுவிடக்கூடும். காலத்தே கவனித்தாலோ, அதே காயம் வீட்டிலுள்ள பொருள்களாலேயே ஆறிவிடும்.

காயங்கள் உண்டாகும் வகை

முட்கம்பி வேலி, மண்வெட்டி, புல்வெட்டும் கத்தி, கூட்டிலே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி என்பவற்றாற் கீறற்காயங்கள் உண்டாகின்றன. இறுகக் கட்டிய கயிறு கழுத்தையும் காலையும் உராய்ந்து புண்ணாக்குகின்றது. மழைக்காலத்தில் அட்டைகள் கடித்த இடத்திலிருந்து குருதி நெடுநேரம் கசியும். ஆடு அவ்விடத்தை மரத்தில் உராய்ந்து புண்ணைப் பெருக்கிக்கொள்ளும். நாய்க்கடி, கோழிகள் ஒன்றையொன்று கொத்துதல், பிறந்த குட்டியின் ஈரந்தொப்புள் என்பனவும் இவ்வகையிற் சேர்க்கத்தக்கனவே.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலமைந்த கண்டிப் பிரதேசத்தில் ஆண்டின் பெரும்பகுதி ஈரமும் மிதமான வெப்பமும் நிலவுகின்றன. இவை இலையான் பெருகுவதற்கும், ஈரமான புண்ணிற் கிருமிகள் வளர்வதற்கும் ஏற்ற நிலைமைகளாம்.

காயம் ஆறும் முறை

காயத்தை ஆற்றுவது மருந்தன்று, உடம்பே. முதலிற் குருதி உறைந்து வாயை அடைக்கின்றது. அடுத்த சில நாட்களிற் காயத்தைச் சூழ்ந்த இடம் சிறிது வீங்கிச் சூடாகும்; குருதியிலுள்ள வெள்ளணுக்கள் கிருமிகளை அழிக்கும் காலம் இதுவாகும். பின்னர், சிவந்து ஈரமான சிறு மணிகளைப் போன்ற புதுத்தசை அடியிலிருந்து எழும்புகின்றது. இறுதியில் ஓரங்களிலிருந்து தோல் வளர்ந்து அதனை மூடுகின்றது. ஆகவே, அழுக்கை நீக்குதல், இலையானைத் தடுத்தல், புதுத்தசைக்கு ஊறு செய்யாதிருத்தல் என்னும் மூன்றுமே வளர்ப்போரின் கடமையாகும். கடுங்கிருமிநாசினிகளை நீர் கலவாது ஊற்றினால் கிருமியோடு புதுத்தசையும் வெந்து, புண் ஆறுவதற்குத் தாமதமாகும்.

முதலிற் செய்யவேண்டியவை

1. குருதி பெருகுமாயின், தூய துணியை மடித்து வைத்து ஐந்து நிமிடம் விடாது அழுத்திப் பிடித்தல் வேண்டும். இடையிடையே துணியை எடுத்துப் பார்த்தல் கூடாது.

2. காயத்தைச் சுற்றியுள்ள மயிரைக் கத்தரித்தல் வேண்டும். மயிர் காயத்தினுள் விழாதபடி முதலில் ஈரத்துணியால் மூடிக்கொள்க.

3. ஒரு லீற்றர் நீரைக் கொதிக்கவைத்து, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பைத் தலைதட்டி அளந்து இட்டுக் கரைத்து, இளஞ்சூடாக ஆறவிடுக. இது ஏறத்தாழ 9 கிறாம் உப்பாகும். உடம்பிலுள்ள நீரின் உப்பளவை ஒத்திருப்பதால் இந்நீர் தசையை வருத்தாது. உப்பைக் கூட்டினால் எரிவு உண்டாகுமேயன்றி நன்மை கூடாது.

4. ஊசி நீக்கிய மருந்துக் குழாயாலோ, மூடியில் துளையிட்ட தூய போத்தலாலோ இந்நீரைப் பீச்சி மண்ணும் குப்பையும் நீங்கும்வரை கழுவுக. உள்ளங்கையளவுக் காயத்திற்கு அரை லீற்றராவது வேண்டும். பின்னர் தூய துணியால் ஒற்றி எடுக்க, தேய்த்தலாகாது.

எந்த மருந்தைப் பூசினும், கழுவாத காயத்தின் மீது பூசுவது அழுக்கை மூடி வைப்பதேயாகும்.

தேன்

காயத்திற்குத் தேன் இடும் வழக்கம் மிகப் பழையது. கி.மு. 1600 அளவில் எழுதப்பட்ட எகிப்திய மருத்துவ ஏடொன்று தேனும் கொழுப்பும் பஞ்சிழையும் வைத்துக் காயங் கட்டுதலைக் கூறுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் உணவு மருந்து நிர்வாகம் 2007 ஆம் ஆண்டிலே தூய்மையாக்கிய தேன் தோய்ந்த காயக்கட்டுக்கு அனுமதி வழங்கியது. இதன் காரணம் தெளிவானது. தேனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரையாதலால், அது கிருமிகளின் உடலிலிருந்து நீரை உறிஞ்சி அவற்றை வளரவிடாது தடுக்கின்றது. தேனின் புளிப்பும், தேனீ அதிற் சேர்த்த நொதியம் சிறிது சிறிதாக விடும் ஐதரசன் பேரொட்சைட்டும் கிருமிக்குப் பகையாகின்றன.

தேனைக் கொதிக்கவைத்தலாகாது, கொதித்தால் நொதியம் கெடும். கித்துள் பாணி தேனாகாது. சீனிப்பாகு கலந்த தேனும் பயன் குறைந்ததே. நம்பத்தக்க தேன் கிடையாவிடின், தூய வெள்ளைச் சீனியைக் காயத்தில் நிரப்பிக் கட்டுதலும் நீரை உறிஞ்சும் வகையிற் பயன்தரும். தேனை மெல்லிய துணியிற் தடவிக் காயத்தின் மீது வைத்துக் கட்டி, நாள்தோறும் கழுவி மாற்றுக. கட்டாது விட்டால் எறும்பும் இலையானும் மொய்க்கும்; பிராணியும் நக்கிவிடும்.

மஞ்சளும் தேங்காய் எண்ணெயும்

மஞ்சளின் நிறத்திற்குக் காரணமான குர்க்குமின் வீக்கத்தைத் தணிக்கும் இயல்புடையது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ அரைப்பங்காகவுள்ள லோரிக் அமிலம் சில கிருமிகளை அடக்கும். எண்ணெய் காயம் வெடிக்காமலும் காக்கும். கட்டுப்போட இயலாத மேற்கீறல்களுக்கு ஒரு பங்கு மஞ்சளை நான்கு பங்கு தேங்காய் எண்ணெயிற் குழைத்து நாளுக்கு இருமுறை பூசுக. 2019 திசம்பரில் இலங்கையில் மஞ்சள் இறக்குமதி தடுக்கப்பட்டு விலை ஏறிய பின்னர், மாவு கலந்த தூள் கடைகளிற் பிடிபட்டதுண்டு. ஆதலால் தோட்டத்தில் விளைந்த கிழங்கை அவித்துக் காயவைத்து இடித்துக்கொள்ளுதலே நன்று.

மூலிகைத் தைலம்

இந்தியாவிலே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மரபுவழி மருத்துவ ஆய்வாளரும், தேசிய பால்பண்ணை மேம்பாட்டு வாரியமும் மாடுகளின் காற்புண்ணுக்கு ஒரு தைலத்தைப் பரிந்துரைத்து வருகின்றனர். அரை லீற்றர் எண்ணெய்க்கு மஞ்சள் 20 கிறாம், உள்ளிப் பல் பத்து, குப்பைமேனி, வேப்பிலை, மருதோன்றி, துளசி ஆகிய இலைகள் ஒவ்வொரு கைப்பிடி என்பது அதன் அளவு. இரண்டு மூன்று ஆடு வைத்திருப்போர் ஐந்தில் ஒரு பங்கு செய்தாற் போதும்: எண்ணெய் 100 மில்லிலீற்றர், மஞ்சள் 4 கிறாம், உள்ளிப் பல் இரண்டு, இலைகளும் அவ்வளவிற் குறைத்துச் சேர்க்க. யாவற்றையும் அரைத்து எண்ணெயிற் கொதிக்கவைத்து, ஆறியபின் பூசுக. வேம்பு உலர் வலயத்து மரமாதலின் கண்டிப்புறத்தில் அரிதாயிருப்பினும், வேப்பெண்ணெய் சுதேச மருந்துக் கடைகளிற் கிடைக்கும். அதனைக் காயத்தின் ஓரத்திற் பூசினால் இலையான் அணுகாது.

கற்றாழை

கற்றாழை மடலை வெட்டிச் சிறிதுநேரம் சாய்த்து வைத்தால் மஞ்சட்பால் வடிந்துவிடும். எஞ்சிய தெளிந்த சோற்றை உராய்வுப் புண்ணுக்கும் சிறு தீப்புண்ணுக்கும் பூசலாம். வடிக்காது பூசி, பிராணி அதனை நக்கினால் கழிச்சல் காணும்.

புழுப்புண்

புண்ணில் முட்டையிடும் இலையான்களுள் ஒருவகை, அழுகிய தசையை விட்டு உயிர்த்தசையையே தின்னும் புழுக்களைத் தோற்றுவிக்கின்றது. ஒரு பெண் இலையான் ஒரே முறையில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இடும். அவை ஒரு நாளுக்குள்ளே பொரித்துவிடும். புழுக்கள் தலையை உள்ளே புகுத்தி ஏறத்தாழ ஒரு வாரம் தசையைத் தின்று, பின்னர் நிலத்தில் விழுந்து கூட்டுப்புழுவாகின்றன. புண்ணிலிருந்து துர்நாற்றம் வீசுதல், செந்நீர் வடிதல், ஆடு தனித்து நின்று காலை உதைத்தல் என்பன அறிகுறிகள்.

சிறிது கர்ப்பூரத்தூளைத் தேங்காய் எண்ணெயிற் கரைத்து முதல் நாள் மாத்திரம் விட்டால் புழுக்கள் மூச்சுமுட்டி வெளிவரும். சீத்தா இலையை அரைத்து வைத்தலும் வழக்கமே. அது கண்ணிற் படலாகாது. வெளிவந்த புழுக்களைச் சாமணத்தால் எடுத்துக் கொதிநீரில் இடுக. நிலத்தில் எறிந்தால் அடுத்த தலைமுறை இலையானை வளர்த்தவராவோம். அடுத்த நாளும் புழு காணப்படின், அல்லது புண் ஆழமாயிருப்பின், மிருக வைத்தியரின் ஊசிமருந்தே தக்கது.

செய்யத்தகாதவை

வயலுக்கும் மரக்கறிக்கும் வாங்கிய பூச்சிநாசினியைப் புழுப்புண்ணில் ஊற்றும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இது மிகக் கொடிய தவறு. தோல் கிழிந்த இடத்தினூடாக நஞ்சு நேரே குருதியிற் கலக்கும். வாயில் நீர் ஒழுகி, உடல் நடுங்கி, மூச்சுத்திணறி ஆடு சில மணி நேரத்தில் இறக்கலாம். பிழைத்தாலும் அதன் பாலைக் குடிக்கும் பிள்ளைக்கு நஞ்சு சேரும். புழுவையும் ஆட்டையும் அந்நஞ்சு வேறுபடுத்தி அறியாது.

மண்ணெண்ணெய், கழிவெண்ணெய், சுண்ணாம்பு, மின்கல அமிலம் என்பன தசையைச் சுடும். சாணமும் மண்ணும் ஏற்புவலிக் கிருமியின் உறைவிடமாதலால் அவற்றைக் காயத்தில் அப்புதல் ஆகாது. அக்கிருமி காற்றுப்படாத இடத்தில் வளர்வது. ஆகவே ஆணி குத்திய ஆழ்காயத்தைப் பசையிட்டு அடைத்தலும் கூடாது. பெரும்பாலும் 1 முதல் 3 வாரத்துக்குள் தாடை இறுகி, கால்கள் விறைத்து, வால் நிமிர்ந்து நின்றால் அது ஏற்புவலி எனக் கொள்க.

பிராணிக்கேற்ற கவனம்

கோழி: சிவந்த புண்ணைக் கண்ட மற்றக் கோழிகள் கொத்திக் கொன்றுவிடும். காயமுற்றதை முதலிற் பிரித்து வைத்து, மஞ்சளெண்ணெய் பூசுக.

முயல்: தோல் மிக மெல்லியது, கட்டை இறுக்குதலாகாது. மனிதருக்கு அளித்த பெனிசிலின் வகை மாத்திரைகளை வாய்வழி கொடுத்தால் குடலிலுள்ள நற்கிருமிகள் அழிந்து முயல் இறக்கும்.

பூனையும் நாயும்: பூசியதை நக்குவன. கர்ப்பூரம், உள்ளி சேர்ந்த தைலம் இவற்றுக்கு ஆகாது. பூனைக்கு வேப்பெண்ணெயும், பீனோல் சேர்ந்த கழுவுநீரும் நஞ்சாகும். உப்புநீரும், கட்டிய தேனும் போதுமானவை.

குட்டி: ஈன்றவுடன் தொப்புளுக்கு அயடீன் இடுதல் நன்று. எண்ணெய் பூசி ஈரமாக வைத்தல் தகாது.

கடிகாயம்

நாய், பூனை, கீரி, நரி ஆகியவை கடித்த காயத்தை இயற்கை மருந்துக்கு உரியதெனக் கருதுதல் கூடாது. நீர்வெறுப்பு நோய் இலங்கையில் இன்னும் உள்ளது. அந்நோய் வெளிப்பட்டபின் மனிதரையோ பிராணியையோ காப்பாற்றுதல் அரிது. கையுறை அணிந்து, ஓடும் நீராலும் சவர்க்காரத்தாலும் 15 நிமிடம் காயத்தைக் கழுவி, ஆட்டைத் தனியே கட்டி, உடனே மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். மருந்து பூசி மூடுதல் ஆகாது. அவர் சொல்லும்வரை அதன் பாலையும் இறைச்சியையும் தவிர்க்க. கடிபட்டவரும், உமிழ்நீர் தம் கீறலிற் பட்டவரும் அவ்விடத்தை அவ்வாறே கழுவி அரசாங்க மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். தடுப்பூசி அங்கு கட்டணமின்றி இடப்படும்.

மிருக வைத்தியரை நாடவேண்டிய நிலை

அழுத்தியும் குருதி நில்லாமை, எலும்போ குடலோ தெரிதல், மூட்டு, கண், மடி ஆகிய இடத்துக் காயம், மூன்று நாட்களில் வீக்கம் தணியாமை, சீழ் நாற்றம், இரை எடாமை ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் வீட்டு மருந்தை நிறுத்துக. அண்மையிலுள்ள அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்தையோ, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா மருத்துவமனையையோ நாடலாம். 1978 இல் விவசாயத் திணைக்களத்தினின்றும் பிரிந்த கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் கெட்டம்பேயில் உள்ளது.

சிறு காயத்தை வீட்டு மருந்தால் ஆற்றிக்கொள்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. நுண்ணுயிர்க்கொல்லி இட்ட ஆட்டின் பாலைக் குறித்த நாட்கள்வரை பயன்படுத்தலாகாது. தேவையின்றி அம்மருந்தைக் கையாண்டால் கிருமிகள் அதற்குப் பழகி, வேண்டிய வேளையில் மருந்து பலியாது.

கூட்டிலுள்ள ஆணிகளை அடித்து மடக்கி, கயிற்றைத் தளர்த்திக் கட்டி, சாணத்தை நாள்தோறும் அகற்றி, காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு பிராணியையும் தடவிப் பார்க்கும் வழக்கத்தைக் கமக்காரர் கைக்கொள்வாராக. அவ்வாறு செய்யும் வீட்டில் மருந்துக்கு வேலை குறையும். ஆடும் கோழியும் தமது பயனை வழுவாது தரும்.