கதை வகையும் எழுத்துப் பயிற்சியும்

நுழையும்முன்

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த குழந்தைகள் பலர், பாடநூலைத் தாண்டி எதையும் படிப்பதில்லை. கதையின் வகை மாறும்போது படிக்கும் முறையும் எழுதும் முறையும் மாறுவதை அறிந்தால், இக்குறையைக் களைய வழி பிறக்கும்.

கதையைக் கொண்டு தமிழ் கற்பிக்கும் வழக்கம் புதியதன்று. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர், தமிழ் பயில விரும்பிய அயல்நாட்டினர் பேச்சுநடை பழகும்பொருட்டுப் பரமார்த்த குருவின் கதையை இயற்றினார். அது 1822ஆம் ஆண்டு பெஞ்சமின் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சேறியது. சென்னைக் கல்விச் சங்கத்தில் தமிழ்ப்புலவராக விளங்கிய தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்தெழுதிய பஞ்சதந்திரம் 1826இல் வெளிவந்தது. அன்று இவற்றைப் பயின்றோர் வளர்ந்தவர்களே எனினும், மொழிக்கு அவர்கள் குழந்தைகள்தாம்.

ஆற்றைக் கடந்த குருவும் சீடர் ஐவரும் கரையேறி எண்ணிப் பார்க்கின்றனர். எண்ணுபவர் தம்மை விட்டுவிட்டு எண்ணுவதால் கணக்கில் ஐவரே தேறுகின்றனர். ஒருவரை ஆறு விழுங்கிவிட்டதென அனைவரும் அழுகின்றனர். இங்கே சிரிக்கும் குழந்தை, கதைமாந்தர் அறியாத ஒன்றைத் தான் அறிந்திருக்கிறது. சொல்லைக் கடந்து பொருளை உணரும் திறன் அச்சிரிப்பில் வெளிப்படுகிறது. சிரிக்காத குழந்தைக்கு விளக்கம் கூறிப் பயனில்லை. அறுவரை வகுப்பில் நிற்கவைத்து, அவர்களுள் ஒருவரையே எண்ணச் சொன்னால் போதும்.

பஞ்சதந்திரம் வேறுவகைப் பயிற்சியைத் தருகிறது. கதைக்குள் ஒரு விலங்கு மற்றொரு விலங்குக்குக் கதை சொல்லும்; அதற்குள்ளும் ஒரு பேச்சு வரும். யார், யாரிடம் கூறியது என்னும் தேர்வு வினா இங்கு உயிர் பெறுகிறது. மேற்கோள் குறியின் தேவையை இலக்கணப் பாடத்தைவிட இக்கதைகள் விரைவில் உணர்த்துகின்றன.

துப்பறியும் கதையைத் தமிழாசிரியர்கள் பொதுவாக வகுப்புக்குள் விடுவதில்லை. நானும் நெடுங்காலம் நீதிக்கதைகளையே எழுதச் சொன்னேன். வகுப்பு முழுவதும் ‘ஒரு ஊரில்’ என்று தொடங்கி, நீதியில் முடித்தது. ஒருமுறை, காணாமற்போன பொருளைக் கண்டுபிடிக்கும் கதை எழுதப் பணித்தேன். அதுவரை நான்கு வரிக்கு மேல் எழுதாத ஒரு மாணவி, சத்துணவில் காணாமற்போன முட்டையைப் பற்றி நான்கு பக்கம் எழுதினாள். தடயத்தை முதல் பக்கத்திலேயே வைத்து, இறுதிவரை மறைத்திருந்தாள். நான் அதனைப் பார்க்கவில்லை. ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்துத் தந்தேன். அடுத்த கதையை அவள் மீண்டும் நான்கு வரியில் முடித்தாள். முதலில் கதையைப் படித்து, பிறகு பிழையைத் திருத்தியிருக்க வேண்டும். அவ்வரிசையை நான் கற்றுக்கொள்ள அந்த ஏடு தேவைப்பட்டது.

அறிவியல் புனைகதை, ‘இருந்தால்’, ‘நேர்ந்தால்’ என்னும் நிபந்தனைத் தொடர்களை இயல்பாகப் பழக்கும். நாட்டுப்புறக் கதையைப் பாட்டியிடம் கேட்டு எழுதும் குழந்தை, முதற்படியை வீட்டுப் பேச்சிலேயே எழுதட்டும். எழுத்துவழக்கிற்கு மாற்றுவது இரண்டாம் படியின் வேலை. அப்போதும் பாட்டியின் சொற்கள் சிலவற்றை அப்படியே விட்டுவைக்கலாம்.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள தொடக்கப்பள்ளிக் குழந்தைக்குத் துப்பறியும் கதை ஒன்றைப் பாதிவரை படித்துக் காட்டுக. மீதியை அக்குழந்தை எழுதட்டும். எழுதியதைத் திருத்தாமல் வகுப்பில் படிக்க.