நிலுவைப் பட்டியலும் நிபந்தனைச் சார்புகளும்

குறு, சிறு தொழில் நிறுவனங்களுக்கு வாங்குபவர் தர வேண்டிய தொகைக்குச் சட்டம் கெடு விதித்துள்ளது. எழுத்துவழி ஒப்பந்தம் இருப்பின், சரக்கை ஏற்ற நாளிலிருந்து அதிக அளவாக 45 நாள். ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாள். தவறினால், வங்கி விகிதத்தின் மும்மடங்கு கூட்டுவட்டி தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் மேம்பாட்டுச் சட்டம். இவ்வுரிமையைக் கோர, கெடு கடந்த விலைப்பட்டியல்கள் எவை என்பது உடனுக்குடன் தெரிய வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் தரவுத்தளத்தில் கணக்கு வைத்திருப்போர் இதனை ஒரு வினவலால் அறியலாம். ‘நாள்கள்’ என்னும் புலம், இன்றைய நாளிலிருந்து ஏற்பு நாளைக் கழித்துக் கிடைப்பது என்க. ஒப்பந்தக் கெடு 45 நாள் என்றும் கொள்வோம்.

நிலை: ஐஐஃப்([நாள்கள்] > 45, "கெடு கடந்தது", "கெடுவுக்குள்")

ஐஐஃப் சார்பு நிபந்தனை உண்மையானால் முதல் விடையையும், அல்லாவிடில் இரண்டாவதையும் தரும். (சார்புகளின் பெயர்களைக் கணினியில் ஆங்கில எழுத்துகளில் இட வேண்டும்.) ஆனால் ஏற்பு நாள் பதியப்படாத விலைப்பட்டியலில் ‘நாள்கள்’ வெறுமையாக இருக்கும். வெறுமையை எதனோடு ஒப்பிட்டாலும் உண்மை என்ற விடை வாராது. எனவே அது ‘கெடுவுக்குள்’ என்றே காட்டப்படும். வரவேண்டிய பணம் இவ்வாறு கண்ணுக்குத் தப்பிவிடும்.

இரண்டுக்கு மேற்பட்ட நிலைகளுக்கு ஸ்விட்ச் சார்பு ஏற்றது:

நிலை: ஸ்விட்ச்([நாள்கள்] இஸ் நல், "நாள் பதிக", [நாள்கள்] > 45, "கெடு கடந்தது", [நாள்கள்] > 30, "நினைவூட்டுக", ட்ரூ, "கெடுவுக்குள்")

இச்சார்பு நிபந்தனைகளை இடமிருந்து வலமாக நோக்கி, முதலில் உண்மையாவதன் விடையைத் தரும். ஆகவே வரிசை இன்றியமையாதது. 30ஐ முன்னும் 45ஐப் பின்னும் எழுதினால், 50 நாள் ஆன தொகையும் ‘நினைவூட்டுக’ என்றே வரும். இறுதியிலுள்ள ‘ட்ரூ’ எஞ்சியவற்றை ஏற்கும். அஃதில்லையேல் எந்த நிபந்தனைக்கும் உட்படாதவற்றின் நிலை வெறுமையாகும்.

நிலைகளை 1, 2, 3 என எண்ணாகவே பதிந்து வைத்திருப்போர்க்குச் சூஸ் சார்பு போதும். எண்ணுக்குரிய சொல்லை அது எடுத்துத் தரும்.

வினவலை நம்பிப் பயன்படுத்துமுன் 50, 45, 38, 12 ஆகிய நாள்களும் ஒரு வெற்றிடமும் கொண்ட ஐந்து மாதிரிப் பதிவுகளை இட்டுப் பார்க்கவும். 45ஆம் நாள் கெடுவுக்கு உட்பட்டதாதலால், அது ‘நினைவூட்டுக’ என வருவதே சரி. ஐந்தும் உரிய நிலையைக் காட்டினால், பட்டியலைக் கொண்டு தொகையைக் கோரலாம்.